எஞ்சிய இரைப்பையின் நெடுநாள் வரலாறு



நோயுற்ற உறுப்பையோ அதன் ஒரு பகுதியையோ அறுத்து நீக்கிவிட்டால், அந்த நோயின் கதை அத்துடன் முடிந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. பல் பிடுங்கிய இடம் ஆறிவிடுகிறது. குடல்வாலை எடுத்த வயிறு தழும்போடு மூடிக்கொள்கிறது. நோயாளி தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். ஆனால் இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கியவரிடம் கதை அவ்வாறு முடிவதில்லை. எஞ்சிய பகுதி தன் பழைய தொழிலைப் புதியதொரு சூழ்நிலையில் நடத்த வேண்டியதாகிறது. அந்தச் சூழ்நிலை அதன் உட்சவ்வை மெல்ல மெல்ல மாற்றுகிறது. இருபது முப்பது ஆண்டுகள் சென்றபின், அந்த மாற்றம் ஒரு சிலரிடம் புற்றுநோயாக முடிவதும் உண்டு. அது எவ்வாறு நேர்கிறது, எத்தனை பேருக்கு நேர்கிறது, நாம் செய்யத்தக்கது யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்தச் செய்தி சற்று நெருக்கமானது. ஒரு காலத்தில் தென்னாட்டில் முன்சிறுகுடற்புண் மிகச் சாதாரணமான நோய். மும்பைக்கும் டில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றவர்களில் பலர் சொந்த ஊரிலோ சென்ற இடத்திலோ ‘அல்சர் ஆபரேஷன்’ செய்துகொண்டவர்கள். 1970களிலும் 1980களிலும் இளைஞர்களாக அறுவை செய்துகொண்ட அவர்கள் இன்று முதியவர்கள். மேல்வயிற்றின் நடுவே நெடுக்காக ஓடும் ஒரு தழும்பே அந்த அறுவைக்குச் சாட்சி. அன்று அறுவை செய்த டாக்டரும் இன்று இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டும் வீடு மாறியதில் எங்கோ போயிற்று. ஆகவே, அந்தத் தழும்பின் பொருளை வீட்டாராவது அறிந்திருத்தல் நலம்.

முதலில் இரைப்பையின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகொள்வோம். உணவுக்குழாய்க்கும் சிறுகுடலுக்கும் இடையே தோற்பை போல் தொங்கும் இந்த உறுப்பு இரண்டு பகுதிகளாகத் தொழில் புரிகிறது. மேலும் நடுவுமான பெரும்பகுதி அமிலத்தையும் பெப்ஸின் என்னும் செரிமானப் பொருளையும் சுரக்கிறது. கீழ்க்கோடிப் பகுதி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரத்தத்தில் கலக்கிறது. அதுவே மேற்பகுதிக்கு ‘அமிலம் சுரப்பாயாக’ என்று ஆணையிடும் தூது. மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பும் அதே ஆணையைக் கொண்டுவருகிறது. கீழ்க்கோடியில், சிறுகுடலின் வாயிலில், தசையாலான ஒரு வளையம் காவலாளியைப் போல் அமைந்துள்ளது. அரைபட்ட உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுவதும், குடலில் ஊறும் பித்தநீரும் கணையநீரும் மேலேறி வராமல் தடுப்பதும் அதன் கடமை.

இரைப்பையை வெட்டி இணைக்கும் கலையை வெற்றியுடன் செய்துகாட்டியவர் வியன்னா நகரத்துத் தியோடர் பில்ரோத். அதற்கு முன் பாரிஸிலும் போலந்திலும் நடந்த முயற்சிகளில் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1881-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், புற்றுநோயால் இரைப்பை வாயில் அடைபட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, நோயுற்ற கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சிய இரைப்பையை முன்சிறுகுடலுடன் நேராக இணைத்துத் தைத்தார். அந்த அம்மையார் அறுவையிலிருந்து தேறினார். எனினும் நான்கு மாதங்களில் பழைய நோய் பரவி உயிர் நீத்தார். 1885-இல் பில்ரோத் வேறொரு முறையைக் கையாண்டார். முன்சிறுகுடலின் வெட்டுவாயை மூடிவிட்டு, அதற்கும் கீழேயுள்ள சிறுகுடலின் வளைவொன்றை மேலே இழுத்து இரைப்பையுடன் பொருத்தினார். முதல் முறைக்கு ‘பில்ரோத் ஒன்று’ என்றும், பின்னதற்கு ‘பில்ரோத் இரண்டு’ என்றும் பெயர் நிலைத்துவிட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

புற்றுநோய்க்கெனப் பிறந்த இந்த அறுவை, இருபதாம் நூற்றாண்டில் வயிற்றுப்புண்ணுக்கே மிகுதியாகப் பயன்பட்டது. அமிலமே புண்ணுக்குக் காரணம், ஆகவே அமிலம் சுரக்கும் பகுதியையும் அதற்கு ஆணையிடும் பகுதியையும் நீக்கிவிட்டால் புண் ஆறும் என்பது அறுவை வைத்தியர்களின் வாதம். அந்த வாதத்தில் உண்மை இருந்தது. இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வெட்டியெடுக்கப்பட்டவர்களில் மிகப் பலருக்குப் புண் ஆறியது. 1943-இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் வேகஸ் நரம்பை வெட்டி அமிலத்தைக் குறைக்கும் முறையைப் புகுத்தினார். அதன்பின் நம் நாட்டில், இரைப்பையை வெட்டாமல், நரம்பை மட்டும் வெட்டிக் குடலை இரைப்பையுடன் இணைத்துவிடும் அறுவையே பெருவழக்காயிற்று.

நம் பக்கத்து வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர், முதற் பயணத்துக்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தென் திருவிதாங்கூரில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் நெருக்கடியைக் கண்டு அங்கேயே தங்கிப் பணிபுரிய முடிவு செய்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், முன்சிறுகுடற்புண்ணாலும் அதனால் நேரும் அடைப்பாலும் வாடிய ஏராளமானோர்க்கு அவரும் தோழர்களும் அறுவை செய்தனர். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் ஆசிரியராகவும் விளங்கினார். ரயில்வேயில் மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா, 1964-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கோதுமை உண்ணும் வடபுலத்தாரைக் காட்டிலும் அரிசி உண்ணும் தென்புலத்தாரிடையே இந்தப் புண் மிகுந்திருப்பதைச் சுட்டிக் காட்டினார். நம்மவரிடையே இத்தழும்பு ஏன் இவ்வளவு காணப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

இந்த அறுவைகளைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. புண் ஓட்டையாகி வயிறு முழுதும் சீழ் பரவியவர்களையும், இரத்தம் கக்கியவர்களையும், உண்டதெல்லாம் வாந்தியாகி எலும்பும் தோலுமாய் வந்தவர்களையும் அவை காப்பாற்றின. வேறு வழி அன்று இல்லை. 1976-இல் பிரிட்டனில் ஸிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தபோதுதான் அமிலத்தைக் கத்தியின்றி அடக்க முடிந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை இரைப்பைச் சவ்விலிருந்து வளர்த்தெடுத்தனர். புண்களில் பெரும்பாலானவற்றுக்கு இக்கிருமியே காரணம் என்பது தெளிவாயிற்று. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று இரண்டு வார மருந்தில் தீரும் நோய்க்கு, அன்று இரைப்பையின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. புண்ணுக்கான அறுவை இன்று அரிதாகிவிட்டது. ஆயினும் அறுவை செய்துகொண்டவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர்.

இனி, எஞ்சிய இரைப்பையின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, காவல் வளையம் போய்விட்டது. பித்தநீரும் கணையநீரும் தடையின்றி மேலேறி இரைப்பையில் தேங்குகின்றன. ‘பில்ரோத் இரண்டு’ முறையில் இணைத்தவர்களிடம் இது இன்னும் மிகுதி. முன்சிறுகுடலில் ஊறும் நீர் முழுவதும் இணைப்பு வாயைக் கடந்தே கீழே செல்ல வேண்டியிருப்பதால், அந்த இடம் நாள்தோறும் பித்தத்தில் குளிக்கிறது. பித்த உப்புகள் கொழுப்பைக் கரைக்கும் தன்மையன. சவக்காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலவே அவை இரைப்பைச் சவ்வைக் காக்கும் வழவழப்பான படலத்தையும் உயிரணுக்களின் மேற்சுவரையும் அரிக்கின்றன. அரிக்கப்பட்ட உயிரணுக்கள் உதிர்கின்றன. அவற்றை ஈடுசெய்யச் சவ்வு விரைந்து புது உயிரணுக்களைப் பெருக்குகிறது. ஓயாமல் பெருகும் இடத்தில் பிழை நேரும் வாய்ப்பும் பெருகும் என்பது உயிரியலின் பொது விதி.

இரண்டாவது, அமிலம் குறைந்துவிட்டது. புண்ணை ஆற்றுவதற்காகவே அதனைக் குறைத்தோம். ஆனால் அமிலத்துக்கு வேறொரு பணியும் உண்டு. உணவோடும் நீரோடும் உள்ளே புகும் நுண்ணுயிர்களைக் கொல்வது அது. அமிலம் இல்லாத இரைப்பையில் நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருகுகின்றன. நம் உணவிலும் உமிழ்நீரிலும் உள்ள நைட்ரேட் என்னும் உப்பை அவற்றுள் சில நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் பிற பொருள்களுடன் சேர்ந்து புற்றுநோய் விளைக்கவல்ல நைட்ரோஸோ கூட்டுப்பொருள்களைத் தோற்றுவிக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

மூன்றாவது, காஸ்ட்ரின் சுரக்கும் கீழ்ப்பகுதி நீங்கிவிட்டது. அந்த ஹார்மோன் அமிலத்துக்கு ஆணையிடுவதோடு, மேற்பகுதிச் சுரப்பிகளின் வளத்தையும் பேணி வந்தது. அது இல்லாதபோது அச்சுரப்பிகள், நீர் பாயாத பயிர்போல், சுருங்கி வற்றுகின்றன. நரம்பு வெட்டப்பட்டவர்களிடம் இந்த வாட்டம் மேலும் கூடும். இவற்றுடன் பழைய ஹெலிகோபாக்டர் கிருமியும் எஞ்சிய இரைப்பையில் குடியிருந்தால், அது தன் பங்குக்கு அழற்சியை வளர்க்கும். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1994-ஆம் ஆண்டில் இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இந்த மாற்றங்கள் படிப்படியாக நிகழ்வன. கொலம்பியாவில் பிறந்த திசுவியல் அறிஞர் பெலாயோ கொரேயா, சாதாரண இரைப்பையில் புற்றுநோய் எவ்வாறு படியேறி வருகிறது என்பதை 1975-இல் விளக்கினார். அந்தப் படிகளே எஞ்சிய இரைப்பைக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன. முதற்படி, மேலோட்டமான அழற்சி. சவ்வு சிவந்து வீங்கும். இரண்டாம் படி, சுரப்பிகள் தேய்ந்து சவ்வு மெலிதல். மூன்றாம் படி விந்தையானது: இரைப்பைச் சவ்வு தன் இயல்பை விட்டுக் குடலின் சவ்வைப் போலவே உருமாறுகிறது. பித்தமும் காரமும் நிறைந்த சூழலில் குடலின் வேடம் பூணுவது அதற்கு ஒருவகைத் தற்காப்பு என்றும் சொல்லலாம். நான்காம் படியில் உயிரணுக்களின் வடிவமும் வரிசையும் கெடுகின்றன. வைத்தியர் இதனை டிஸ்பிளேசியா என்பர். அதற்கும் அப்பாற்பட்டது புற்றுநோய்.

எஞ்சிய இரைப்பைக்கே உரிய இன்னொரு மாற்றமும் உண்டு. இணைப்பு வாயைச் சுற்றிச் சவ்வின் மேற்குழிகள் நீண்டு தடிக்கின்றன. சில சுரப்பிகள் நீர்க்குமிழிகள் போல் விரிகின்றன. அந்த இடம் மேடிட்டுக் கட்டி போலத் தோன்றுவதும் உண்டு. அது தானே புற்றுநோய் அன்று. ஆயினும் டாக்டர்கள் அதனைக் கவனத்துடன் பார்க்கின்றனர். புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களிடம் பிற்காலத்தில் தோன்றும் புற்றுநோய் மிகுதியும் இணைப்பு வாயை ஒட்டியே எழுவதால், பித்தத்தின் மீது ஐயம் வலுக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதற்படியில் உள்ள யாவரும் கடைசிப்படிக்கு ஏறுவதில்லை. அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு ஓரளவு அழற்சி இருக்கும். மெலிவும் பலர்க்கு இருக்கும். அவர்கள் அத்துடனேயே முழு ஆயுளையும் கழிப்பர். இலேசான டிஸ்பிளேசியாவும் பல வேளைகளில் அப்படியே நிற்கிறது, அல்லது பின்வாங்குகிறது. கடுமையான டிஸ்பிளேசியாவையே டாக்டர்கள் உடனடியாகக் கவனிக்க வேண்டியதெனக் கொள்வர்.

ஆய்வுக்கூடத்திலும் இதற்குச் சான்று உண்டு. எலிகளுக்குப் புற்றுநோய் விளைக்கும் மருந்து ஏதும் கொடுக்காமல், குடல்நீர் இரைப்பைக்குள் பாயும்படி மட்டும் அறுவை செய்து வளர்த்தபோது, அவற்றுள் சிலவற்றுக்கு இரைப்பையில் புற்று தோன்றியது. எலிக்கு நேர்வதெல்லாம் மனிதருக்கு நேரும் என்று கொள்வதற்கில்லை. எனினும் பித்தமும் கணையநீரும் குற்றமற்றவை அல்ல என்பது இதனால் புலப்படுகிறது. அன்றியும், எப்ஸ்டைன்–பார் என்ற வைரஸ், சாதாரண இரைப்பைப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றின் அளவிலேயே காணப்பட, எஞ்சிய இரைப்பையின் புற்றுநோய்களில் அதைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே காரணம் ஒன்றல்ல, பல என்பதே பொருத்தம்.

அடுத்தது, அபாயத்தின் அளவு. 1922-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டொனால்ட் பால்ஃபர், இரைப்பைப் புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுளை ஆராய்ந்தபோது, பின்னாளில் அவர்களுள் சிலர்க்கு இரைப்பைப் புற்றுநோய் தோன்றியதைக் குறிப்பிட்டார். அதன்பின் பல நாடுகளில் ஆராய்ச்சிகள் நடந்தன. புண்ணுக்கான அறுவைக்கு 5 ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய பகுதியில் தோன்றுவதையே ‘எஞ்சிய இரைப்பைப் புற்றுநோய்’ என்று வரையறுத்தனர். அதற்குள் தோன்றினால், அறுவையின்போதே கண்ணுக்குத் தப்பிய நோயாக இருக்கலாம் அல்லவா?

1986-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, புண்ணுக்காக அறுவை செய்துகொண்ட 4,466 பேரைத் தொடர்ந்து கவனித்தது. முன்சிறுகுடற்புண்ணுக்காக அறுவை செய்தவர்களிடம் முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோய் கூடவில்லை; அதன்பின் பொதுமக்களைக் காட்டிலும் பல மடங்கு கூடியது. 1988-இல் ஸ்வீடனில் வெளியான மற்றோர் ஆய்வு, 1950களில் அறுவை செய்துகொண்ட 6,459 பேரைப் பற்றியது. மொத்தத்தில் அவர்களிடம் அபாயம் கூடவில்லை. ஆனால் 30 ஆண்டுகளைக் கடந்தவர்களிடம் அது ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 1990-இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள், 15 ஆண்டுகளுக்குப் பின் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கண்டனர். ‘பில்ரோத் ஒன்றை’க் காட்டிலும் ‘பில்ரோத் இரண்டில்’ அபாயம் கூடுதல் என்பதும் அக்கணக்கில் தெரிந்தது.

எண்கள் வேறுபடுகின்றனவே என்று நேயர்கள் மயங்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு ஆய்வு நாடும் வேறு, அறுவையும் வேறு, கவனித்த காலமும் வேறு. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒன்றில் உடன்படுகின்றன: காலம் செல்லச் செல்ல அபாயம் ஏறுகிறது. மற்றொன்றிலும் பல ஆய்வுகள் ஒத்துப்போகின்றன: இரைப்பையிலேயே புண் இருந்தவர்களுக்கு அபாயம் மிகுதி; முன்சிறுகுடலில் புண் இருந்தவர்களுக்குக் குறைவு. இதற்குக் காரணம் உண்டு. முன்சிறுகுடற்புண்காரரின் இரைப்பை அமிலவளம் மிக்கது, சுரப்பிகள் செழித்தது. இரைப்பைப்புண்காரரிடமோ, அறுவைக்கு முன்பே சவ்வு அழற்சியுற்று மெலியத் தொடங்கியிருக்கும்; அதாவது அவர் முன்பே சில படிகள் ஏறிவிட்டவர்.

‘இருமடங்கு’ என்ற சொல் அச்சந்தருவது. ஆனால் எதன் இருமடங்கு என்று கேட்க வேண்டும். சிறிய எண்ணின் இருமடங்கும் சிறிய எண்ணே. அறுவை செய்துகொண்ட நூறு பேரில் மிகப் பெரும்பாலோர் இந்நோயைக் காணாமலேயே வாழ்ந்து முடிப்பர். எனினும் ஒரு குறிப்பு நமக்கு உரியது: 1980களின் தொடக்கத்தில் சென்னையில் நிறுவப்பட்ட புற்றுநோய்ப் பதிவேட்டில், பல ஆண்டுகளாக ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையில் நின்றது. அறுவையில்லாதவர்க்கும் இந்நோய் அரிதல்லாத மக்கட்கூட்டத்தில், அறுவையுற்றவர் சற்று விழிப்புடன் இருப்பது பொருந்தும்.

இனி நடைமுறைக்கு வருவோம். எஞ்சிய இரைப்பையின் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் பெரிய இடர், அதன் அறிகுறிகள் பழைய அறுவையின் தொல்லைகளைப் போலவே இருப்பதுதான். சிறிது உண்டவுடன் வயிறு நிறைதல், உண்டபின் படபடப்பு, அவ்வப்போது கசப்பான பித்த வாந்தி ஆகியவை அறுவை செய்தவர்களில் பலருக்குப் பழகிப்போனவை. ‘எனக்கு எப்போதுமே இப்படித்தான்’ என்பது அவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அதனால் புதிய நோய் பழைய போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறது. நாம் நினைவில் வைக்க வேண்டியது இதுவே: பழைய தொல்லை வேறு, புதிய மாற்றம் வேறு. பல ஆண்டுகளாக ஒரே நிலையில் இருந்தவருக்குச் சில வாரங்களில் பசி குன்றினால், உடை தொளதொளவென்று ஆகும்படி எடை குறைந்தால், வாந்தி கூடினால், விழுங்குவதில் தடை தோன்றினால், மலம் தார்போல் கறுத்தால், மேல்வயிற்றில் புதிய வலி நிலைத்தால், ‘வயதாகிவிட்டது’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் செல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை உண்பவர்களுக்கும் மலம் கறுக்கும். அதையும் டாக்டரிடம் கூறிவிடுவது நல்லது.

சோகையைப் பற்றித் தனியே ஒரு சொல். இரைப்பையை இழந்தவர்களுக்குச் சோகை வருவதற்குப் புற்றுநோயல்லாத காரணங்களே மிகுதி. உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க அமிலம் வேண்டும். அதனை ஈர்த்துக்கொள்ளும் முன்சிறுகுடல் வழியே உணவு செல்லவும் வேண்டும். ‘பில்ரோத் இரண்டில்’ இவ்விரண்டும் குறைகின்றன. வைட்டமின் பி12-ஐ உடல் ஈர்க்கத் துணைபுரியும் பொருளை, அமிலம் சுரக்கும் அதே உயிரணுக்களே சுரக்கின்றன. கல்லீரலில் அந்த வைட்டமின் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருப்பதால், குறை உடனே தெரியாது. பின்னரே சோர்வும், கைகால் மரப்பும், நாக்கு எரிச்சலும் தோன்றும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு நலிவதும் உண்டு. இரைப்பை வெட்டப்பட்டவர்களுக்குக் காசநோய் தலைகாட்டும் வாய்ப்பும் சற்றுக் கூடுதல். ஆகவே எடைக்குறைவோடு நாட்பட்ட இருமலும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் அதனையும் நினைக்க வேண்டும். இவை யாவும் எளிய சோதனைகளால் அறியத்தக்கன. ஊசியாலும் மாத்திரையாலும் சீர்செய்யத்தக்கன. ஆனால், சோகைக்கு இரும்பு மட்டும் கொடுத்துவிட்டு, இரத்தம் எங்கேனும் கசிகிறதா என்று பாராமல் விடுவது தகாது.

பார்ப்பதற்கு இன்று நல்ல கருவி உண்டு. ஒளியைக் கண்ணாடி இழைகளின் வழியே வளைத்துச் செலுத்தலாம் என்று லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து 1954-இல் காட்டியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதனைப் படித்துத் தூண்டுதல் பெற்ற பேஸில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் 1957-இல் வளையும் உள்நோக்குக் கருவியை உருவாக்கினார். அதன் வழித்தோன்றலே இன்று ஊர்தோறும் செய்யப்படும் எண்டோஸ்கோப்பி. வாய்வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இணைப்பு வாயையும் அதனைச் சுற்றிய சவ்வையும் நேரே காணலாம். எஞ்சிய இரைப்பை எப்போதும் சற்றுச் சிவந்தே காணப்படுவதால், கண்ணால் கண்டது போதாது. சவ்வு இயல்பாகத் தோன்றினாலும் இணைப்பு வாயைச் சுற்றிப் பல இடங்களில் சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் சோதிப்பது வழக்கம். உணவு நெடுநேரம் தங்கும் இயல்புள்ளவர்கள் சோதனைக்கு முன் கூடுதல் நேரம் பட்டினி இருக்க வேண்டியிருக்கலாம். ஆகவே பழைய அறுவையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அறிகுறி ஒன்றும் இல்லாதவர்களும் தவறாமல் இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? இதில் வைத்திய உலகம் ஒருமித்த கருத்துக் கொண்டதன்று. அபாயம் சிறிதாயிருக்கையில் எல்லோரையும் சோதிப்பதனால் வரும் பயன் போதுமானதன்று என்பர் ஒரு சாரார். அறுவைக்கு 15 அல்லது 20 ஆண்டுகள் கழிந்தபின் ஒருமுறை பார்த்து, சவ்வின் நிலைக்கேற்பப் பின்னர் முடிவு செய்வது நன்று என்பர் மற்றொரு சாரார். இரைப்பைப்புண்ணுக்காக அறுவை செய்தவர், ‘பில்ரோத் இரண்டு’ உடையவர், குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர், புகைபிடிப்பவர் ஆகியோர்க்கு இரண்டாவது யோசனை கூடுதலாகப் பொருந்தும். அத்துடன் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மருந்தால் நீக்கிக்கொள்வதும் நலம்.

நோய் தொடக்கத்திலேயே அகப்பட்டால் வழி உண்டு. சவ்வின் மேல் மட்டத்தோடு நின்ற சிறு புற்றை, வயிற்றைத் திறவாமல் உள்நோக்குக் கருவியின் வழியே சீவியெடுக்கும் முறையை ஜப்பானியர் வளர்த்துள்ளனர். அதற்கு மேற்பட்டதற்கு எஞ்சிய இரைப்பை முழுவதையும் நீக்குவர்; பழைய அறுவையின் ஒட்டுதல்கள் காரணமாக இது கடினமான அறுவை; ஆயினும் தேர்ந்த கைகளில் செய்யத்தக்கது. காலந் தாழ்ந்து வருபவர்க்கே வழிகள் குறுகுகின்றன. நோயின் கொடுமையைக் காட்டிலும், ‘பழைய வயிற்றுக் கோளாறுதான்’ என்று கழிந்துபோன மாதங்களே பலருக்குக் கேடாய் முடிகின்றன.

இன்று புண்ணுக்காக அன்றி, புற்றுநோய்க்காகவே இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக்கொள்வோர் இருக்கின்றனர். அவர்களுடைய சவ்வு முன்பே மாற்றமுற்றிருப்பதால், எஞ்சிய பகுதியில் மறுபடி நோய் தோன்றுமாயின், அது புண்காரர்களைவிட விரைவில் தோன்றக்கூடும். ஆகவே டாக்டர் குறித்த காலங்களில் சோதனைக்குச் செல்வதை அவர்கள் ஒருபோதும் கைவிடலாகாது. பித்தம் மேலேறுவதைக் குறைக்க, ஸ்விட்சர்லாந்தின் ஸீஸர் ரூ பெயரால் வழங்கும் முறையில் குடலை ஆங்கில ‘ஒய்’ எழுத்தின் வடிவில் இணைத்து, பித்தம் கலக்குமிடத்தைக் கீழே தள்ளிவிடுவதும் உண்டு.

முடிவாக, வெளி மாநிலத்தில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தழும்புடைய பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரத்திலேயே அவரருகில் அமர்ந்து நான்கு செய்திகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அறுவை நடந்த ஆண்டு, ஊரும் ஆஸ்பத்திரியும், புண் இருந்த இடம் இரைப்பையா முன்சிறுகுடலா என்பது, இரைப்பையை வெட்டினார்களா அல்லது இணைத்து மட்டும் விட்டார்களா என்பது. பழைய சீட்டு கிடைத்தால் அதனைப் படமெடுத்துச் சேர்த்து வையுங்கள். தமிழறியாத டாக்டர் முன் அமரும்போது, ‘எப்போதோ வயிற்றில் ஆபரேஷன்’ என்ற அரைகுறை மொழிபெயர்ப்பைக் காட்டிலும் அந்தத் தாள் தெளிவாகப் பேசும். முதியவர் தாமே தம் நோயைச் சொல்லத் தயங்குவார். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாதென்றும் எண்ணுவார். மாதம் ஒருமுறை அவர் எடையைப் பார்த்து அதே தாளில் குறித்து வந்தால், அவர் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடும்.

உணவைப் பொறுத்தவரை, சிறுகச் சிறுகப் பலமுறை உண்பது, நன்றாக மெல்வது, உப்பில் ஊறிய பண்டங்களைக் குறைத்துக் காய்கனிகளைக் கூட்டுவது, புகையிலையை அறவே விடுவது ஆகியவை எளிய, செலவற்ற நெறிகள். அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா. எஞ்சிய இரைப்பை பல்லாண்டுகளாக நமக்காக உழைத்து வருகிறது. அதன் குரலில் மாற்றம் தோன்றும்போது செவிகொடுத்துக் கேட்பது நம் கடமை.